மத்தியானம் ரெண்டரைக்கு வருகிறவன்

தம்பி, பேனா இருக்கா? என்னுது காலையிலேயே மக்கர் பண்ணிருச்சு. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி, பதினாலாவது. மத்ததெல்லாம் வீட்டுலயே உக்காந்து நிதானமா எழுதிட்டேன். பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

இன்ஸ்பெக்டர் வர பதினொண்ணு ஆகும்னு ஏட்டம்மா சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் இந்த பெஞ்சுதான். உங்களுக்கு என்ன கேசு? பேஸ்புக்கைத் தூக்கிட்டானா? உங்க பேர்ல உங்க சொந்தக்காரங்ககிட்டயே பேசுறானா? ம். உங்க ஆளு பரவாயில்ல தம்பி. எனக்கு வாய்ச்சவன் வேற தினுசு. கேட்டா நம்ப மாட்டீங்க. நான் இந்த சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு வர்றது இது மூணாவது தடவை.

பரமகுருன்னா அருப்புக்கோட்டைல கொஞ்சம் பேருக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ்ல முப்பத்து மூணு வருஷம் ரெக்கார்டு கிளார்க். எந்த தாசில்தார் வந்தாலும் முதல்ல என் ரூமுக்குத்தான் வருவாங்க. என் கையில இருந்து ஒரு தாள் தொலைஞ்சதில்ல. எழுத்துல இருந்தாத்தான் எனக்கு எதுவும் விஷயம். வாய்ப்பேச்சை நான் எந்தக் காலத்துலயும் நம்பினதில்ல. அதனால இவன் என் போனுக்குள்ள வர ஆரம்பிச்சதுமே ஒரு ஃபைல் போட்டுட்டேன். இதான். தேதி, நேரம், அவன் என்ன பண்ணினான், நான் என்ன நடவடிக்கை எடுத்தேன், எல்லாம் இருக்கு. இன்ஸ்பெக்டரே போன தடவை புரட்டிப் பார்த்துட்டு, சார் நீங்க எங்க டிபார்ட்மெண்டுக்கு வந்திருக்கணும்னாரு.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். நான் ரிட்டயர் ஆனப்போ ரெண்டு போன் வந்துச்சு. எனக்கு நான் வாங்கினது ஒண்ணு. என் பொண்ணு கோகிலா, கோயமுத்தூர்ல வேலையில இருக்கா, அவங்கம்மாவுக்குன்னு ஒண்ணு வாங்கி அனுப்பிட்டா. அவளுக்கு எதுக்கு போன்? வீட்டுலயேதான் கிடக்குறா, வேணும்னா என் போன்ல பேசட்டும்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. சரின்னு பஸ் ஸ்டாண்டு எதிர்ல ராஜவேல்னு ஒருத்தன் மொபைல் கடை வச்சிருக்கான், அவன்கிட்ட ரெண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அவன்தான் ஜிமெயில் போட்டுக் கொடுக்குறது. போட்டு, பாஸ்வேர்டை அந்த அட்டைப்பெட்டி மேலயே எழுதிக் கொடுத்துருவான். அவன் கேட்டான், அம்மாவுக்குத் தனியா ஒண்ணு போட்டுரலாமா சார்னு. ஏண்டா, ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு? ரேஷன் கார்டு ஒண்ணு, கேஸ் புக்கு ஒண்ணு, இது மட்டும் ரெண்டா? என் பேர்லயே ரெண்டுலயும் போடுன்னுட்டேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, பாதுகாப்பு விஷயத்துல நான் அன்னைக்கே எவ்வளவு கவனமா இருந்தேன்னு உங்களுக்குத் தெரியணும்.

என் வீட்டுக்காரி பேரு ஜெயக்கொடி. எட்டாவது வரைக்கும் படிச்சவ. அந்தப் போன்ல தட்டி எழுத அவளுக்கு வராது. மைக்கு படம் போட்டிருக்குமே, அதை அமுக்கிட்டு வாயால பேசுவா, அது தானா எழுதிக்கிரும். கோலம், புளிக்குழம்பு, இப்படி.

இவனும் முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சான். நான் கூகுளைத் திறந்தா, நான் தேடாததெல்லாம் கீழ வரிசையா நிக்குது. மார்கழிக் கோலம் இருபத்தோரு புள்ளி. கத்திரிக்காய் வத்தல் போடுறது எப்படி. ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன். இப்பத்தான் தெரியுது, வெள்ளோட்டம் பார்த்திருக்கான்.

சித்திரை மாசம் வேலையைக் காட்டிட்டான். இந்தாங்க, முதல் பதிவு, நானே வாசிக்கிறேன். சித்திரை ஒம்போது, மத்தியானம் மணி ரெண்டு நாப்பது. ‘மார்பில் கட்டி வலி இல்லை பயப்படணுமா’. அடுத்த நாள், ரெண்டு முப்பத்தஞ்சு. ‘கட்டி தானா கரையுமா’. நாலு நாள் கழிச்சு, ‘பொம்பளை டாக்டர் அருப்புக்கோட்டை’. எல்லாமே ரெண்டரைக்கும் நாலுக்கும் நடுவுல. ஏன் தெரியுமா? நான் சாப்பிட்டுட்டுப் படுக்குற நேரம் அது. என் தூக்கத்தைக்கூட எவனோ கணக்கெடுத்து வச்சிருக்கான். நான் அன்னைக்கே ஜெயக்கொடிகிட்டச் சொன்னேன், எவனோ நம்ம வீட்டை நோட்டம் விடுறான், மத்தியானம் கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருன்னு. சரிங்கன்னா. என்ன ஏதுன்னு கேக்கல. முப்பத்தோரு வருஷத்துல அவ எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி. அந்தக் குணம் யாருக்கும் வராது.

இதைப் பாருங்க, வைகாசி மூணு. ‘புருஷன்கிட்ட இதை எப்படிச் சொல்றது’. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொம்பளை மாதிரி நடிக்கிறான். அதையும் எழுதி வச்சுட்டேன்.

இனிமே சொல்றது கொஞ்சம் அசிங்கம். நீங்களும் ஆம்பளைதான், சொல்றேன். வைகாசிக் கடைசியில ஒரு போட்டோ வந்துச்சு. என் போட்டோவெல்லாம் இருக்குமே, என் பென்ஷன் ஆர்டர், குலதெய்வம் கோயில் கொடை, அதுக்கு நடுவுல. ஒரு பொம்பளை, முகம் இல்ல. ரவிக்கையை விலக்கிட்டு, ஒரு பக்கம் தோல் சுருங்கி உள்வாங்கி இருந்துச்சு. கழுத்துல தாலிக்கயிறு வேற, அதுல ரெண்டு ஊக்கு. தாலி கட்டினவ இப்படி ஒரு போட்டோவுக்கு நிப்பாளா? எல்லாம் மிரட்டிக் காரியம் சாதிக்கிற கும்பலோட வேலைன்னு பேப்பர்ல படிச்சிருக்கேன். உடனே அழிச்சிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அதே. அழிச்சேன். மூணாவது தடவையும் வந்துச்சு. விடுவேனா, குப்பைத்தொட்டி மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள போயி அங்கயிருந்தும் அழிச்சேன். அதுக்கப்புறம் வரல. தோத்துட்டான்.

அந்தச் சமயத்துலதான் இவ ஒருநாள் காப்பி கொண்டாந்து வச்சுட்டு நிக்கிறா. ஏங்க, போன்ல எடுத்த போட்டோ தானா அழிஞ்சுருமான்னு கேட்டா. என்ன போட்டோன்னேன். கோலம் எடுத்தேன், காணோம்னா. கோலத்தை வாசல்ல பார்த்தாப் போதாதா, போன்ல வேற எடுக்கணுமான்னேன். போயிட்டா.

என்ன தம்பி? சொல்லுங்க. இல்ல, ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சு. சரி, மேல சொல்றேன்.

ராஜவேல்கிட்ட போனேன். பாஸ்வேர்டை மாத்திருங்க சார், வெளியில இருக்கிறவன் எவனா இருந்தாலும் கழண்டுருவான்னான். மாத்தினேன். மாத்தினதும் இவ போன் நின்னுபோச்சு. பாஸ்வேர்டு கேக்குதுங்கன்னு கொண்டு வந்தா. அவகிட்ட எதுக்குச் சொல்றதுன்னு நானே அவ போன்லயும் புதுசைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆகல தம்பி. உள்ள வந்துட்டான். ‘நர்ஸ் ஸ்டெல்லா’ன்னு ஒரு பேரு, நம்பரோட, என் போன்ல உக்காந்திருக்கு. எவ்வளவு பெரிய கில்லாடியா இருக்கணும்? பதினோரு எழுத்துப் பாஸ்வேர்டு. என் சர்வீஸ் நம்பரும் எங்க அப்பா பேரும் சேர்த்துப் போட்டது. உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நம்பருக்குப் போட்டேன். நிசமாவே ஒரு பொம்பளைதான் எடுத்துச்சு. யாரு நீ, என் போனுக்குள்ள எப்படி வந்தே, போலீஸ்ல கொடுத்து உள்ள தள்ளிருவேன்னு ஒரு பிடி பிடிச்சேன். பட்டுன்னு வச்சிருச்சு. பேரை அழிச்சேன். அந்த அம்மா எங்க தெருப் பக்கம் வர்ற கார்ப்பரேசன் நர்ஸாம்… இல்ல, நகராட்சி நர்ஸு. அது பின்னாடிதான் தெரிஞ்சது. அவங்க நம்பரையும் திருடியிருக்கான் பாருங்க.

ஆனி மாசம் ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் போன் அடிக்குது. எடுத்துப் பார்த்தா, ‘நாளை காலை பத்து மணி, முகாம், நகராட்சிப் பள்ளி’. நான் அப்படி அலாரம் எதுவும் போட்டு வைக்கல. அதே நேரம் அடுப்படியில இவ போனும் அடிக்குது, அதே மணி. ரெண்டு போனையுமே புடிச்சுட்டான்னு அப்பத்தான் உறுதியாச்சு. என்ன அர்த்தம்? பத்து மணிக்கு எங்களை வெளியே இழுக்கப் பாக்குறான். வீடு பூட்டியிருந்தா அவனுக்கு வசதி. மறுநாள் காலையில நான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிட்டேன். அன்னைக்குப் பார்த்து இவ தலை சீவி, கோகிலா எடுத்துக் கொடுத்த நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. ஏங்க, கோயில் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்னா. இன்னைக்கு ஒருத்தரும் வாசப்படி தாண்டக்கூடாதுன்னேன். பதினோரு மணிக்குள்ள வந்துருவேன்னா. முடியாதுன்னா முடியாது. அந்தச் சேலையோடயே அடுப்படி வாசல்ல உக்காந்திருந்தா, பன்னெண்டு வரைக்கும். பிறகு சேலையை மாத்திட்டு உலை வச்சா. நான் சொன்னபடி அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு அசம்பாவிதமும் நடக்கல.

இதோ இங்க எழுதியிருக்கேன் பாருங்க. ‘எதிரியின் திட்டம் முறியடிக்கப்பட்டது’.

தண்ணி குடிக்கிறீங்களா? எனக்கு வேணும். கொஞ்சம் இருங்க.

புரட்டாசியில அவ குழாயடியில விழுந்துட்டா. கொஞ்ச நாளாவே ஒரு கையைத் தூக்க மாட்டேங்குறா, கொடியில துணி காயப்போடச் சொன்னா நாற்காலி மேல போட்டு வைப்பா, நான் சத்தம் போடுவேன். கோகிலா வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டர் எல்லாம் பார்த்துட்டு, ரொம்பப் பரவிருச்சும்மா, எப்ப இருந்து இருக்குன்னு கேட்டாரு. சித்திரையிலேர்ந்துன்னு ஜெயக்கொடி சொல்றா. டாக்டர் என்னைப் பாக்குறாரு. நான் என்ன பண்ண முடியும்? எங்கிட்ட யாரு சொன்னா? எழுதிக் கொடுக்கவா சொன்னேன், வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? ஒரே கூரைக்குள்ள இருந்துக்கிட்டு ஆறு மாசம் மறைச்சுட்டா தம்பி. அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே இல்ல.

ஐப்பசி இருபத்திரண்டு. காலையில. கடைசியா எங்கிட்ட அவ கேட்டது, கேட்டைப் பூட்டிட்டீங்களான்னு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு வீட்டு நினைப்பு.

ஒண்ணு கவனிச்சீங்களா? ஃபைலைப் பாருங்க. புரட்டாசி பதினெட்டோட நின்னுருச்சு. அவளை ஆஸ்பத்திரியில சேர்த்த நாள்லேர்ந்து அவன் ஒரு தடவைகூட வரல. ரெண்டரை மணி ஆனா நான் போனை எடுத்து வச்சுக்கிட்டுப் பார்ப்பேன். ஒண்ணும் இருக்காது. துக்க வீடுன்னு விட்டுட்டான் போல, அவனுக்கும் மனசாட்சி இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். ஆறு மாசம் தெனமும் வந்துபோனவன். வராமப் போனதும் வீடு ஒரு மாதிரியா இருந்துச்சு.

பதினாறாம் நாள் முடிஞ்சு சொந்தபந்தமெல்லாம் போன பிறகு கோகிலா இந்த ஃபைலை எடுத்துட்டா. நான்தான் கொடுத்தேன், படிச்சவளாச்சே, பாக்கட்டும்னு. கூடத்துல உக்காந்து முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சா. அப்பா, இது அம்மாப்பான்னா. எது அம்மான்னேன். ரெண்டு போன்லயும் ஒரே கணக்கு, அவ பேசினதுதான் உங்க போன்ல வந்திருக்கு, இது எல்லாமே அம்மாப்பாங்கிறா. என்ன பேச்சு இது? அவ எதுக்கு என் போன்ல வந்து தேடணும்? அவளுக்குத்தான் போன் இருக்கே. போட்டோவையும் சேர்த்துத்தான் சொல்றியான்னு கேட்டேன். அதுக்கு அவ பார்த்த பார்வை இருக்கே. முப்பத்தோரு வருஷம் கூட இருந்திருக்கீங்க, ஒரு தடவையாவது உனக்கு உடம்புக்கு என்னன்னு அம்மாகிட்டக் கேட்டிருக்கீங்களான்னா. கேட்டாத்தான் சொல்லணுமான்னேன்.

அவங்கம்மா போனை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு அன்னைக்கே கிளம்பிட்டா. நாலு மாசம் ஆகப்போகுது. போன் பண்ணினா எடுக்கிறதில்ல.

அதுக்குத்தான் தம்பி இங்க வர்றேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். புடிச்சு உள்ள போடக்கூடச் சொல்லல. வெளியாள் ஒருத்தன்தான் செஞ்சிருக்கான்னு ஒரு தாள்ல எழுதி, சீல் வச்சுக் கொடுத்தாப் போதும். கோகிலாவுக்கு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிருவேன். எழுத்துல பார்த்தா அவளும் ஒத்துக்குவா. ஆனா ரெண்டு தடவையும் மனுவைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க, பதினாலாவது கட்டம் நிரப்பலன்னு. ‘இந்தக் கணக்கு பயன்பாட்டில் உள்ள கைபேசிகளின் எண்ணிக்கை’. பெரிய கேள்வி.

இன்னைக்கும் அந்த மனுவோடதான் கிளம்பினேன். காலையில திடீர்னு அவன் திரும்பவும் வந்துட்டான். ஏழு பத்துக்கு. நேரத்தை மாத்திட்டான், ஆளு பழைய ஆளுதான். அதே வார்த்தை. இதுக்கு மேலயும் என்ன சாட்சி வேணும்? செத்துப்போனவளா வந்து தேடுறா? இந்தாங்க, நானே வாசிக்கிறேன். ‘மார்பில் கட்டி வலி இல்லை பயப்படணுமா’. எழுத்து மாறாம அப்படியே.

வாங்கிப் பாருங்களேன்.

என்ன? முன்னாடியா? ஆமா, ஏதோ நம்பர் போட்டிருக்கு. அதை வாசிக்கல, அவ்வளவுதான். ‘வயது 29’. இவனுங்க என்னவாச்சும் போடுவானுங்க.

என் மகளுக்கு என்ன வயசா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனி வந்தா முப்பது முடியுது.

தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? பஸ்லதான் இதைப் பார்த்தேன். பார்த்ததும் அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டேன். அது என்ன ஊருன்னுகூடத் தெரியாது. ரோட்டோரமா ஒரு புளியமரத்தைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். கோயமுத்தூர் பஸ் ஒண்ணு என்னைத் தாண்டித்தான் போச்சு. கைகாட்டல. அதுக்கடுத்த பஸ்ல ஏறி இங்க வந்துட்டேன். ஃபைல் கையில இருந்துச்சு, வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல.

இந்தாங்க உங்க பேனா. ரெண்டுன்னு போட்டுட்டேன்.

கூப்பிடுறாங்க, காதுல விழுது. அடுத்த ஆளைப் பாக்கச் சொல்லுங்க. உங்க போனைக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா? என் நம்பருன்னா அவ எடுக்க மாட்டா. நீங்களே அமுக்குங்க. தொண்ணூத்தி நாலு… இருங்க, மனப்பாடமா தெரியாது, பார்த்துத்தான் சொல்லணும். இதுதான். இந்த நம்பர்தான்.

ரிங் போகுது. கொடுங்க.

அம்மாடி, கோகிலா. வச்சுராத தாயி. அப்பாதான். இல்ல, ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். என்னை விடு.

உனக்கு உடம்புக்கு என்னம்மா?